கோமாரி அடங்கிய பிறகும் ஆறாத குளம்புப் புண்: என்ன செய்யலாம்?

கொங்குக்கறவை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தொழுவத்தில் நான்கு கறவை மாடுகளும் இரண்டு கன்றுகளும் இருக்கின்றன. பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு மூத்த கலப்பினப் பசு தீவனத்தைத் தொடாமல், கயிறு போல எச்சில் ஒழுகவிட்டுக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கின் மேல்தோல் ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. உள்ளூர் மருத்துவர் வந்து கோமாரி என்று சொல்லி இரண்டு நாள் ஊசி போட்டார். ராகிக் கூழும் வாழைப்பழமும் கொடுத்துச் சமாளித்தோம். ஒரு வாரத்தில் வாய்ப்புண் ஆறிவிட்டது, இப்போது வைக்கோலே தின்கிறது.

வலது பின்னங்காலின் குளம்பு இடுக்கில் உள்ள புண் மட்டும் ஆறவில்லை. நேற்று மாலை காலைத் தூக்கிப் பார்த்தால் கெட்ட வாடை அடித்தது. இடுக்கின் ஓரத்தில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது, அதற்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. புழு வைத்துவிட்டது என்று நினைக்கிறேன். வாய் ஆறியபோது கால் ஏன் ஆறவில்லை, இதற்கு எதைப் போடுவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். இன்னொரு சந்தேகமும் உண்டு. இரண்டு மாதத்திற்கு முன்புதான் முகாமில் தடுப்பூசி போட்டோம். போட்ட பிறகும் எப்படி வந்தது?

மேலத்தெரு_சுப்பு எழுதியது:

தம்பி, எங்கள் பக்கத்தில் இதற்கு மருத்துவரைத் தேடிக்கொண்டு இருக்க மாட்டோம். பினாயிலைத் தண்ணீர் கலக்காமல் துளைக்குள் ஊற்றினால் புழு மொத்தமும் வெளியே வந்து விழும். அதன் மேல் வண்டியிலிருந்து வடித்த கருப்பு ஆயிலைத் தடவிவிட்டால் ஈ அண்டாது. காணை (கோமாரியைத்தான் அப்படிச் சொல்வோம்) வந்த மாட்டை என் தாத்தா சூடான ஆற்று மணலில் நடக்க விடுவார். பத்து நாளில் எல்லாம் சரியாகிவிடும்.

பழைய_டாக்டர் எழுதியது:

நான் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சுப்பு அவர்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. பினாயில் ஊற்றினால் புழு வரும். அதோடு சேர்த்துப் புண்ணின் அடியில் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கும் சிவந்த, மணிமணியான புதுத்தசையும் வெந்துபோகும். மறுநாள் வெளுத்துக் கிடக்கும் அந்தத் தசையைப் பார்த்து "புண் சுத்தமாகிவிட்டது" என்று மகிழ்ந்து மறுபடியும் ஊற்றுவார்கள். நான் பார்த்த ஆறாத புண்களில் பல இப்படி மருந்தாலேயே ஆறாமல் போனவை. கருப்பு ஆயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் இருக்கும் உலோகக் கழிவை மாடு நக்கி விழுங்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. கோமாரிக் கிருமி வாயிலும் குளம்பு இடுக்கிலும் ஒரே மாதிரியான கொப்புளத்தைத்தான் உண்டாக்குகிறது. கொப்புளம் உடைந்த சில நாட்களுக்குள் மாட்டின் உடலே எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிப் புண்ணிலிருந்து கிருமியை விரட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது வெறும் காயம். நாக்குக்கு இரத்த ஓட்டம் அதிகம், மேல்தோல் வேகமாக வளரும், எச்சில் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கும், ஈயும் உள்ளே போக முடியாது. குளம்பு இடுக்கோ சாணத்திலும் மூத்திரத்திலும் ஊறுகிறது. மாடு ஒவ்வொரு அடி வைக்கும்போதும் 400 கிலோ உடலின் எடையில் ஒரு பங்கு அந்த இடுக்கை விரித்துப் புதுத்தோலைக் கிழிக்கிறது. ஆகவே இப்போது உங்கள் பசுவின் காலில் இருப்பதைக் கோமாரி என்று எண்ணாமல், கோமாரி திறந்துவிட்ட ஒரு காயம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் சிகிச்சை தானாகவே தெளிவாகும்.

இன்று செய்ய வேண்டியது இதுதான். மாட்டைக் கட்டிப் பின்னங்காலைக் கயிற்றால் தூக்கிப் பிடியுங்கள். இளஞ்சிவப்பு நிறம் மட்டும் வரும் அளவுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள், கருஞ்சிவப்பாகக் கலந்தால் அதுவும் தசையைச் சுடும். ஒரு பஞ்சு உருண்டையை டர்பன்டைன் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, துளையின் வாயில் சில நிமிடங்கள் வையுங்கள். மூச்சுக்காகப் புழுக்கள் பின்பக்கத்தை வெளியே நீட்டும்போது இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். தரையில் தட்டிவிடாதீர்கள். அவை மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி மறுபடியும் ஈயாக வரும். துளையை விரலால் தடவிப் பார்த்து, பக்கவாட்டில் பை போலச் சந்து இருந்தால் அதையும் காலி செய்யுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புழு எடுத்து முடித்ததும் டர்பன்டைனைக் கழுவிவிட வேண்டும், அதைத் தினமும் போடக் கூடாது.

ஏரிக்கரை_விவசாயி எழுதியது:

டாக்டர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஊசிக்கும் களிம்புக்கும் செலவழித்துச் சோர்ந்துபோன பிறகு எங்கள் வீட்டில் மூலிகை மருந்துக்கு மாறினோம் என்பதையும் பதிவு செய்கிறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி அவர்கள் பரவலாக்கியதும், தேசியப் பால்வள வாரியம் விவசாயிகளுக்குப் பரிந்துரைப்பதுமான மரபுவழி முறை இது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, 500 மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கொதிக்க வைத்து, ஆறியதும் புண்ணைக் கழுவித் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். புழு இருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்து வைக்கலாம், அல்லது கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை விடலாம்.

எங்கள் மாடுகள் மூன்றுக்கும் இதுதான். மூன்றும் இரண்டு வாரத்தில் ஆறின. அப்படியிருக்க ஆங்கில மருந்து எதற்கு என்பது என் கேள்வி.

ஆய்வக_மாணவி எழுதியது:

நான் கால்நடை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் முதுநிலை பயில்கிறேன், காயம் ஆறுதல்தான் என் பாடம். அண்ணா, உங்கள் எண்ணெயை நான் குறை சொல்லப்போவதில்லை, ஆனால் "மூன்றும் ஆறின" என்பதை வைத்து ஒரு முடிவுக்கு வர இயலாது. எதுவும் பூசாமல் சுத்தமாக மட்டும் வைத்திருந்தால் அந்த மூன்றும் எத்தனை நாளில் ஆறியிருக்கும் என்பது நமக்குத் தெரியாது. கோமாரிப் புண் தானாகவே ஆறும் இயல்புடையது. இப்படிப்பட்ட நோயில், கடைசியாக எதைப் போட்டோமோ அதற்குத்தான் பெயர் கிடைக்கும். சுப்பு ஐயாவின் தாத்தாவுடைய ஆற்று மணலுக்கும் அப்படித்தான் பெயர் கிடைத்திருக்கும்.

இதற்காகத்தான் காய ஆராய்ச்சியில் ஒரே விலங்கின் உடலில் ஒரே அளவுள்ள காயங்களை ஒப்பிடுகிறார்கள். ஒரு காயத்துக்கு மருந்து, பக்கத்துக் காயத்துக்கு வெறும் எண்ணெய் அல்லது ஒன்றுமே இல்லை. காயத்தின் ஓரத்தைக் கண்ணாடித்தாளில் வரைந்தெடுத்துப் பரப்பை அளந்து, எத்தனை நாளில் எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிடுகிறார்கள். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது 1962 இல் ஜார்ஜ் விண்டர் இங்கிலாந்தில் இளம் பன்றிகளை வைத்துச் செய்த சோதனை. பன்றியின் தோல் மனிதத் தோலை ஒத்தது. மேலோட்டமான காயங்களில் சிலவற்றைக் காற்றில் காயவிட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காயவிட்ட காயத்தில் பக்குக் கட்டிவிடுவதால், புதுத்தோல் அணுக்கள் அந்தப் பக்குக்கு அடியில் ஈரமுள்ள இடத்தைத் தேடி இறங்கிச் செல்ல வேண்டியிருந்தது. காயத்தைக் காற்றில் உலர்த்த வேண்டும் என்று அதுவரை நம்பியிருந்த மருத்துவ உலகம் மனம் மாறியதற்கு அந்தப் பன்றிகள்தான் காரணம். இன்று மனிதர்களுக்குப் போடும் ஈரக் கட்டுகள் எல்லாம் அதன் வழியில் வந்தவை.

உங்கள் மூலிகை எண்ணெயை இந்தக் கோணத்தில் பாருங்கள். எண்ணெய் காயத்தை வறண்டுபோகாமல் மூடுகிறது, வேம்பும் பூண்டும் ஈயை விலக்குகின்றன, மஞ்சளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் தன்மை உண்டு. ஆகவே பயன் தர நியாயம் இருக்கிறது. ஆனால் சாணம் ஒட்டிய காயத்தை, இறந்த தசையை வெட்டி எடுக்காமல், எண்ணெயால் மூடினால் காற்றில்லாமல் வளரும் கிருமிகளுக்கு அது வசதியாகிவிடும். கழுவுதலும் வெட்டிச் சுத்தம் செய்தலும் முதலில், எண்ணெய் பிறகு.

ஏரிக்கரை_விவசாயி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், தங்கச்சி. நாங்களும் தினம் இரண்டு வேளை கழுவித்தான் பூசினோம். எண்ணெயை மட்டும் பெருமையாகச் சொல்லிவிட்டுக் கழுவியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தேனூர்_ரசிகன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெளிநாடுகளில் ஆறாத புண்ணுக்கு மருத்துவமனையிலேயே புழு விடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். புழு அழுகல் தசையை மட்டும் தின்று புண்ணைச் சுத்தம் செய்யுமாம். அப்படியென்றால் மாட்டின் புழுவை ஏன் எடுக்க வேண்டும்?

பழைய_டாக்டர் எழுதியது:

நல்ல கேள்வி. இதே காரணத்தைச் சொல்லிப் புழுவை விட்டுவைத்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கன்று பிழைக்கவில்லை.

மருத்துவமனையில் விடுவது லூசிலியா செரிகேட்டா என்ற பச்சை ஈயின் புழு. கிருமி நீக்கிய முட்டையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்து, எண்ணி விட்டு, இரண்டு மூன்று நாளில் எண்ணி எடுப்பார்கள். முதல் உலகப் போரில் புழு வைத்த காயங்களோடு களத்தில் கிடந்த வீரர்களின் புண்கள் சுத்தமாக இருந்ததைக் கண்ட வில்லியம் பேயர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், பின்னாளில் இதை ஒரு சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். அந்த ஈ செத்த தசையைத்தான் விரும்பும்.

நம் ஊர் மாட்டுப் புண்ணில் வைப்பது பெரும்பாலும் கிரைசோமியா பெசியானா என்ற வேறொரு ஈ. அதன் புழு உயிருள்ள தசையை மட்டுமே தின்று வளரும். பெண் ஈ காயத்தின் ஓரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டிவிட்டுப் போகும். ஒரு நாளுக்குள் பொரித்த புழுக்கள் தலைகீழாகத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், அதனால்தான் வெளியே பின்பக்கம் மட்டும் தெரிகிறது. அந்தக் காயத்தின் வாடை இன்னும் பல ஈக்களை அழைக்கும். ஒரு வாரம் விட்டுவைத்தால் எலும்பு தெரியும். உண்ணி கடித்த சிறு புள்ளியும், பிறந்த கன்றின் ஈரமான தொப்புளும், கொம்பு சீவிய காயமும் இதற்குப் போதும்.

இன்னொன்று, வலிக்கு ஊசி போடச் சொல்பவர்கள் எந்த மருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் மருந்தை மாடுகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2006 இல் தடை செய்தது, ஏனென்றால் அது போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்தன. நம் மாநிலத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கும் இதே ஆபத்துதான். மெலாக்சிகாம் இருக்கிறது, அது கழுகுக்குத் தீங்கு செய்யாது. கேட்டு வாங்குங்கள்.

கொங்குக்கறவை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தோம். முதல் நாள் 43 புழுக்களும் மறுநாள் ஒன்பதும் எடுத்தோம். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. மருத்துவர் வந்து கருத்துத் தொங்கிய தசையை வெட்டி எடுத்தார். இப்போது கழுவிவிட்டு மூலிகை எண்ணெய் பூசி, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி, காய்ந்த தரையில் கட்டுகிறோம். சிவந்த தசை நிரம்பி வருகிறது.

தடுப்பூசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய_டாக்டர் எழுதியது:

வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தேன், ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் ஆசிரியர்கள் வெக்கை நோயோடு (ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய்) போராடியவர்கள். 1932 இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிறுவனத்தின் தொடக்க வேலையே வெக்கை எதிர்ப்பு மருந்து தயாரிப்பதுதான். அந்த நோயை 2011 இல் உலகிலிருந்தே ஒழித்துவிட்டார்கள். விலங்கு நோய்களில் அப்படி ஒழிந்தது அது ஒன்றுதான். அதை ஒழிக்க முடிந்ததற்கு முக்கியமான காரணம், வெக்கைக் கிருமியில் ஒரே எதிர்ப்பு வகைதான் இருந்தது, ஒரு முறை போட்ட உயிருள்ள தடுப்பூசி ஆண்டுக்கணக்கில் காத்தது. கோமாரியில் இந்த இரண்டு வசதியும் இல்லை. ஜெர்மானிய அறிஞர்கள் லோஃப்லரும் ஃப்ராஷும் 1898 இல் இதை பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியிலும் தங்காத கிருமி என்று காட்டினார்கள், விலங்குகளில் முதன்முதலில் கண்டறியப்பட்ட வைரஸ் இதுவே. கண்டுபிடித்து நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இன்னும் நம்மை அலைக்கழிக்கிறது. இதில் ஏழு வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றொன்றுக்கு உதவாது. இந்தியாவில் போடும் ஊசியில் ஓ, ஏ, ஆசியா 1 ஆகிய மூன்றும் இருக்கின்றன. கிருமி கொல்லப்பட்ட ஊசி என்பதால் பாதுகாப்பு ஏறக்குறைய ஆறு மாதம்தான் நிற்கும். 2019 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகாம் நடத்துவது இதனால்தான்.

உங்கள் பசுவுக்கு ஏன் வந்தது என்பதற்கு வாய்ப்புகள் பல. ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்திருக்க வேண்டும். பனிக்கட்டியாக உறைந்திருந்தாலும் வெயிலில் சூடேறியிருந்தாலும் அது வெறும் தண்ணீருக்குச் சமம். ஒரு பசுவுக்கு வாழ்நாளில் முதல் முறை போட்டால், ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசியும் போட வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பசுவை எப்போது, எங்கே வாங்கினீர்கள்?

கொங்குக்கறவை எழுதியது:

மூன்று மாதத்திற்கு முன்பு சந்தையில் வாங்கினோம், ஐயா. முந்தைய ஊசி விவரம் எதுவும் விற்றவரிடம் இல்லை. காதில் அடையாள வில்லையும் இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன், பழைய மாடுகள் மூன்றுக்கும் ஒன்றும் வரவில்லை.

பழைய_டாக்டர் எழுதியது:

பெரும்பாலும் அதுதான் விடை. பழைய மூன்றுக்கும் முன்பே பல முறை போட்ட அடித்தளம் இருந்திருக்கிறது. புதிய பசுவுக்கு அது முதல் ஊசியாக இருந்திருக்கும், ஊக்க ஊசி இல்லை. ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்துபோன மாட்டையும் இரத்தப் பரிசோதனையில் பிரித்தறிய முடியும், ஏனென்றால் தூய்மையாகத் தயாரித்த ஊசியில் இல்லாத சில வைரஸ் புரதங்களுக்கு எதிர்ப்பொருள் நோய் வந்த மாட்டில் மட்டுமே உண்டாகும். கிருமியின் வகையைக் கண்டறிய வேண்டுமானால் புதுக் கொப்புளத்தின் மேல்தோலை முதல் சில நாட்களிலேயே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது. அடுத்த முறை எச்சில் ஒழுகுவதைப் பார்த்த அன்றே சொல்லுங்கள்.

தொழுவத்தைச் சலவை சோடாவால் கழுவுங்கள், ஒரு லிட்டருக்கு 40 கிராம். இந்தக் கிருமிக்குக் காரமும் புளிப்பும் ஆகாது, சாதாரணச் சலவை சோடாவே போதும். மற்ற கிருமிகளுக்குத் தரையில் தெளிக்கும் விலையுயர்ந்த மருந்துகள் சில இதனிடம் அவ்வளவாக எடுபடாது. கிருமி மறைந்துவிட்டது என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஆறிய மாட்டின் தொண்டையில் அது மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில்கூட ஒளிந்திருக்கும்.

மேலத்தெரு_சுப்பு எழுதியது:

டாக்டர் ஐயா, சண்டைக்காகக் கேட்கவில்லை. என் பக்கத்து வீட்டுக் கன்றுக்கு வாயிலும் காலிலும் ஒரு புண்கூட இல்லை. பால் குடித்துவிட்டுத் துள்ளியது, அப்படியே விழுந்து செத்தது. அதே வாரம் தாய்க்குக் காணை. கண்ணேறு என்று சொன்னார்கள்.

பழைய_டாக்டர் எழுதியது:

கண்ணேறு இல்லை, அதுவும் கோமாரிதான். இளங்கன்றுகளில் இந்தக் கிருமி கொப்புளத்தைவிட இதயத் தசையை முதலில் தாக்கும். பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் மேல் வெளிறிய பட்டைகள் வரிவரியாகத் தெரியும், நாங்கள் "புலி இதயம்" என்போம். துள்ளினால் இதயம் தாங்காது. நோய் வந்த தாயிடம் கன்றை ஊட்டவிடக் கூடாது, பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், ஓடவிடக் கூடாது.

கொங்குக்கறவை எழுதியது:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். இடுக்கில் தோல் முழுவதும் மூடிவிட்டது, தழும்பு மட்டும் வெளிறித் தெரிகிறது. மாடு சரியாக ஊன்றி நடக்கிறது. புதிய கவலை ஒன்று. மதியம் வெயில் ஏறினால் நாக்கை நீட்டி நாய் போல இரைக்கிறது, முடியும் நீளமாக வளர்ந்திருக்கிறது. பால் பாதியாகத்தான் இருக்கிறது.

பழைய_டாக்டர் எழுதியது:

கோமாரி கடந்த மாடுகள் சிலவற்றில் இது தங்கிவிடும். உடல் வெப்பத்தைச் சீராக்கும் சுரப்பிகள் பாதிக்கப்படுவதால் அப்படி ஆகிறது என்று கருதுகிறார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டும் மேய்ச்சலுக்கு விடுங்கள், நடுப்பகலில் கூரையில் தண்ணீர் தெளியுங்கள், தண்ணீர்த்தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். அடுத்த முகாமுக்கு முன் அந்தப் பசுவின் காதில் வில்லை மாட்டச் சொல்லுங்கள், ஊசி போட்ட தேதியை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சினை ஊசியை இரண்டு மாதம் தள்ளிப் போடலாம், மாடு உடல் தேறட்டும்.